எதிரொலி சான்றாகுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் முன்னோர் வாக்கு. வழக்கு மன்றத்திற்கும் குடும்ப வாழ்க்கைக்கும் சொல்லப்பட்ட இப்பழமொழி, இன்று கடலடியில் நடைபெறும் ஓர் அறிவியல் ஆராய்ச்சிக்கு மிகவும் பொருந்துகிறது. மனிதக் காதுக்குக் கேளாத ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கண்ணால் காணும் படமாக மாற்றி, அப்படத்தைக் கொண்டு மூழ்கிய கப்பல்களையும் கடல் கொண்ட ஊர்களையும் தேடும் ஆராய்ச்சி அது.

இவ்வாராய்ச்சி போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் அண்மைக் காலமாக, சோனார் கருவி தந்த ஒரு படம் வெளிவந்த மறுநாளே 'மூழ்கிய நகரம் கண்டுபிடிப்பு' என்று செய்தி பரவுவதையும், அதை அப்படியே நம்பி நாம் மார்தட்டிக் கொள்வதையும் காண்கிறோம். இது சரியா? எதிரொலி ஒரு பொருள் கிடக்கும் இடத்தைச் சுட்டும்; அப்பொருள் இன்னதென்றும், இத்தனை ஆண்டுப் பழமை உடையதென்றும் அதனால் தனித்து நின்று சொல்ல இயலாது. இதுவே என் கருத்து. ஏன் இவ்வாறு கூறுகிறேன் என்பதைப் படிப்படியாக விளக்க முயல்கிறேன்.

ஒளி நுழையாத இடத்தில் ஒலி

கடலுக்கடியில் கிடக்கும் பொருளைத் தேட விளக்கையும் காமிராவையும் இறக்கினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். கடல் நீர் ஒளியை விழுங்கிவிடும். தெளிந்த கடலிலேயே சில பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆறு கலக்கும் முகத்துவாரத்திலோ நீட்டிய கை நமக்கே தெரியாது. வானொலி அலைகளும் உப்பு நீரில் வெகு விரைவில் அடங்கிப் போகின்றன. ஒலிக்கு மட்டும் அங்கே தடையில்லை. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல் நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர் பாய்கிறது.

இந்த வேகத்தை முதன்முதலில் சிறப்பாக அளந்தவர்கள் கொலாடன், ஸ்டர்ம் என்னும் இருவர். 1826ஆம் ஆண்டு ஜெனீவா ஏரியில், ஒரு படகிலிருந்து நீருக்குள் தொங்கவிட்ட மணி அடிக்கப்பட்டது. அதே கணத்தில் வெடிமருந்தும் பளிச்சிட்டது. தொலைவில் இன்னொரு படகில் நீருக்குள் குழாய் வைத்துக் காத்திருந்தவர், வெளிச்சம் தெரிந்ததற்கும் மணியோசை கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டார். விடை நொடிக்கு 1435 மீட்டர். குளிர்ந்த நன்னீருக்கு இது இன்றைய அளவீட்டோடு நெருங்கி நிற்கிறது.

1880இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள், குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார்கள். அப்படிகத்திற்கு மாறுமின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும் என்பது பின்னர் தெரிந்தது. 1917இல், முதல் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறிய வேண்டி லாஞ்சவின் என்னும் பிரெஞ்சு இயற்பியலறிஞர் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டே நீருக்குள் மீயொலி அலைகளை எழுப்பிக் காட்டினார். பகைவரைத் தேடப் பிறந்த கருவி இன்று பழம்பொருளைத் தேடுகிறது.

நாம் கேட்கும் ஒலியின் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேற்பட்டதே மீயொலி. ஒலியை அனுப்பிய நேரத்திற்கும் எதிரொலி வந்த நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டை 1500ஆல் பெருக்கி, போய் வந்த தூரம் என்பதால் இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். எதிரொலி நூறில் மூன்று பங்கு நொடியில் திரும்பினால் அங்கே ஆழம் 22.5 மீட்டர். இவ்வளவுதான் அடிப்படைக் கணக்கு.

ஆனால் எந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துவது என்பதில்தான் சிக்கல். 500 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கடல் நீரில் 3 மில்லி மீட்டர். ஆதலால் சிறு பொருளையும் பிரித்துக் காட்டும். ஆனால் விரைவில் தேய்ந்துவிடும், சேற்றுக்குள் நுழையாது. 3.5 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியோ சேற்றைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்; அது நம் காதுக்கே கேட்கும் ஒலி. அதன் அலைநீளம் ஏறத்தாழ 43 சென்டி மீட்டர். ஆகவே பானை ஓட்டுக்கும் கூழாங்கல்லுக்கும் அதனிடம் வேறுபாடு கிடையாது. நுணுக்கமாகப் பார்க்க மீயொலியும், மண்ணுக்குள் பார்க்கத் தாழ்ந்த ஒலியும் என்று இரண்டையும் சேர்த்தே ஆய்வாளர்கள் கையாள்கிறார்கள்.

பக்கவாட்டுச் சோனார் என்பது மீன் வடிவக் கலம் ஒன்றில் பொருத்தப்பட்டுக் கப்பலின் பின்னால் கம்பியில் இழுத்துச் செல்லப்படுவது. இரு புறமும் விசிறி போல் ஒலியைப் பரப்பி, வரி வரியாகப் படம் தீட்டும். தரையிலிருந்து எழுந்து நிற்கும் பொருள் பளிச்சென்று தெரியும்; அதன் பின்னே ஒலி படாத இடம் நிழலாக விழும். அந்த நிழலைக் கொண்டு பொருளின் உயரத்தைக் கணக்கிடலாம். கலம் தரைக்கு 10 மீட்டர் மேலே செல்கிறது, நிழலின் நீளம் 6 மீட்டர், கலத்திலிருந்து நிழலின் முனை வரை 60 மீட்டர் என்றால், பொருளின் உயரம் 1 மீட்டர். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தாம் இங்கே வேலை செய்கின்றன!

சைகையைச் சலித்தெடுத்தல்

திரும்பி வரும் எதிரொலி தனியாக வருவதில்லை. அலையோசை, கப்பல் எஞ்சினின் இரைச்சல், வெப்பக் கடல்களில் ஒருவகை இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை, நீர்ப்பரப்பில் மோதித் திரும்பும் இரண்டாம் எதிரொலி ஆகிய அனைத்தும் கலந்து வருகின்றன. அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்குவது போலச் சைகையை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். கணிப்பொறியின் துணையால் இது இன்று பெரிதும் எளிதாகியிருக்கிறது.

ஒரே இடத்திலிருந்து நூறு எதிரொலிகளைப் பெற்றுச் சராசரி எடுத்தால், தாறுமாறான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். உண்மையான எதிரொலி அப்படியே நிற்கும். இது ஒரு வழி. இதனினும் நுட்பமானது வேறொன்று. ஒலித் துடிப்பு குறுகியதாக இருந்தால் அருகருகே உள்ள இரு பொருள்களைப் பிரித்தறியலாம். ஆனால் அதில் ஆற்றல் குறைவு. நீண்ட துடிப்பில் ஆற்றல் உண்டு. பிரித்தறியும் திறன் போய்விடும். இந்த இக்கட்டைத் தீர்க்க, நீண்ட துடிப்பின் ஊடே அதிர்வெண்ணைச் சீராக உயர்த்திக்கொண்டே போகிறார்கள். சில வகை வௌவால்கள் எழுப்பும் கீச்சொலியும் இவ்வாறு அதிர்வெண் மாறிக்கொண்டே செல்வதுதான். திரும்பி வந்ததை, அனுப்பியதன் பிரதியோடு நகர்த்தி நகர்த்தி ஒப்பிடும்போது, இரண்டும் பொருந்தும் ஒரே கணத்தில் கூர்மையான முகடு எழும். கணிதத்தில் இதற்கு ஒட்டுறவு என்று பெயர். அதிர்வெண் 10 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்திற்கு மாறினால், துடிப்பு எவ்வளவு நீண்டிருந்தாலும், 7.5 சென்டி மீட்டர் இடைவெளியில் உள்ள இரு பரப்புகளைப் பிரித்துவிட முடியும்.

எதிரொலியின் அளவு மட்டுமன்றி அதன் கட்டமும் செய்தி சொல்லும். ஓர் ஊடகத்தின் அடர்த்தியையும் அதில் ஒலியின் வேகத்தையும் பெருக்கி வரும் எண் அடுத்த ஊடகத்தில் கூடினால் எதிரொலி நேராகத் திரும்பும். குறைந்தால் தலைகீழாகத் திரும்பும். கடற்சேற்றில் நெடுங்காலம் ஊறிய கப்பல் மரம் இவ்வாறு தலைகீழ் எதிரொலி தருவது உண்டு. பாறை அவ்வாறு தருவதில்லை. கயிற்றின் கட்டிய முனையிலும் கட்டாத முனையிலும் அலை எவ்வாறு திரும்பும் என்று வகுப்பில் படிக்கிறோமே, அதே பாடம்தான் மரத்தையும் பாறையையும் வேறுபடுத்த உதவுகிறது.

இத்தனை நுட்பமிருந்தும் ஏன் ஐயப்பட வேண்டும்? சலிக்கும் சல்லடையின் கண்ணைத் தீர்மானிப்பது மனிதன் என்பதால்தான். எந்த அளவுக்குக் கீழுள்ளதை இரைச்சல் என்று தள்ளுவது, எவ்வளவு பெருக்குவது, எந்த வடிவத்தைத் தேடுவது என்று ஒவ்வொரு படியிலும் ஒருவர் முடிவெடுக்கிறார். இழுக்கப்படும் கலம் அலையில் ஆடினால் வளைந்தது நேராகவும் நேரானது வளைந்தும் பதியும். கப்பலின் வேகம் மாறினால் வட்டம் நீள்வட்டமாகும். அடுத்தடுத்த பாதைகளின் படங்களை ஒட்டும்போது ஒட்டின் கோடுகளே சுவர் போலத் தோன்றலாம். மேகத்தில் யானையையும் நிலவில் கிழவியையும் காணும் நம் கண்ணுக்கு, கடலடிப் படத்தில் கோட்டை கொத்தளம் தெரிவது வியப்பன்று. கணிப்பொறிக்கே பழக்கி, செயற்கை நுண்ணறிவால் அடையாளம் காணும் முயற்சிகளும் இப்போது நடக்கின்றன. ஆனால் நாம் காட்டிய மாதிரிகளைக் கொண்டுதான் அதுவும் கற்கிறது. பழங்காலக் கடலடிப் பொருள்களின் மாதிரிகள் மிகக் குறைவு. ஆசிரியர் காட்டாததை மாணவன் எவ்வாறு அறிவான்?

மேரி ரோஸ் தந்த பாடம்

எதிரொலியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பல் சிறந்த எடுத்துக்காட்டு. எட்டாம் ஹென்றி மன்னரின் போர்க்கப்பலாகிய அது, 1545ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தை அடுத்த கடலில் மன்னரின் கண்ணெதிரிலேயே மூழ்கியது. 1836இல் மீனவர்களின் வலை அடியில் எதிலோ சிக்கியதன் பயனாக கடலில் மூழ்கியவர்கள் சில பீரங்கிகளை எடுத்தார்கள். பிறகு அந்த இடமே மறந்து போயிற்று.

1965இல் அலெக்சாண்டர் மெக்கீ என்பவர் மீண்டும் தேடத் தொடங்கினார். 1841ஆம் ஆண்டுக் கடல் வரைபடம் ஒன்றில் கப்பல் கிடக்கும் இடம் குறிக்கப்பட்டிருப்பதை அறிந்தார். 1967இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஹெரால்டு எட்கர்டன் தம் சோனார் கருவியோடு உதவிக்கு வந்தார். தரைக்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனால் சேற்றுக்கு அடியில் இயற்கைக்கு மாறான ஏதோ ஒன்று புதைந்திருப்பதை எதிரொலி காட்டியது.

அவர்கள் உடனே 'மேரி ரோஸ் கிடைத்துவிட்டது' என்று பறை அறைந்தார்களா? இல்லை. தன்னார்வ முக்குளிப்போர் ஆண்டுதோறும் இறங்கித் தோண்டினார்கள். 1971 மே மாதத்தில்தான் கப்பலின் மர விலாக்கள் கண்ணுக்குத் தென்பட்டன. நான்கு ஆண்டுக் காத்திருப்பு! அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய மார்கரெட் ரூல் அம்மையார் நிலத்தில் அகழாய்வு செய்து வந்தவர். பிறர் மேலே கொண்டுவந்து சொல்வதைக் கேட்டு எழுதினால் போதாது, தாமே காண வேண்டும் என்று நடுவயதில் கடலில் மூழ்கக் கற்றுக்கொண்டார். 1982 அக்டோபர் 11ஆம் நாள் கப்பலின் எஞ்சிய பாகம் மேலே தூக்கப்பட்டது. 19,000க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. வில்லும் அம்பும், மருத்துவரின் பெட்டியும், மாலுமிகளின் சீப்பும் அவற்றுள் அடங்கும். எதிரொலி தொடங்கி வைத்த வேலையை மனிதக் கைகள் பதினைந்து ஆண்டுகளில் முடித்தன.

இதற்கு நேர்மாறான, ஆனால் அதே அளவு பாடம் புகட்டும் நிகழ்ச்சி ஒன்று 2024இல் நடந்தது. 1937இல் பசிபிக் கடலின் மேல் பறக்கையில் மறைந்துபோன விமானி அமேலியா இயர்ஹார்ட்டைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அவருடைய விமானம் போன்ற உருவம், இறக்கையும் வாலுமாக, ஏறத்தாழ 5000 மீட்டர் ஆழத்தில் சோனாரில் பதிந்திருப்பதாக 2024 ஜனவரியில் ஒரு குழுவினர் அறிவித்தார்கள். உலகமே பேசியது. அதே ஆண்டு நவம்பரில் அக்குழுவினரே மீண்டும் சென்று நெருங்கிப் பார்த்தனர். அது வெறும் பாறை! அதை அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். முதல் அறிவிப்பில் அவசரம் இருந்தது. இரண்டாவது அறிவிப்பில் அறிவியல் இருந்தது.

நம் நாட்டுக் கடலடியில்

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் மாசு பற்றிய ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது, பக்கவாட்டுச் சோனாரில் கட்டம் கட்டமான வடிவங்கள் பதிந்தன. ஆழம் 20 முதல் 40 மீட்டர் வரை. 2001 மே மாதம் மத்திய அமைச்சரே இதனை அறிவித்தார். பின்னர்க் கடலடியை வாரி எடுத்ததில் கற்களும், பானை ஓடுகள் போன்றவையும், ஒரு மரத்துண்டும் கிடைத்தன. மரத்துண்டின் வயது கார்பன் கணிப்பில் ஏறத்தாழ 9500 ஆண்டுகள் என்று 2002 ஜனவரியில் செய்தி வந்தது. சிந்துவெளிக்கும் பல ஆயிரம் ஆண்டுகள் முந்திய நகரம் என்று பேசப்பட்டது.

தொல்லியலறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. அவர்கள் எழுப்பிய கேள்விகள் எளியவை. மரத்துண்டின் வயது மரத்தின் வயதேயன்றி நகரத்தின் வயதாகுமா? காம்பே வளைகுடாவின் ஓதமும் நீரோட்டமும் உலகிலேயே மிக வலியவற்றுள் சேர்ந்தவை. எங்கிருந்தோ அடித்து வரப்பட்ட மரமாக இருக்கலாகாதா? மண்ணடுக்கில் இருந்தபடியே எடுக்கப்படாமல் வாரி எடுக்கப்பட்ட பொருளுக்கு, கிடைத்த இடம் என்று ஒன்று உண்டா? சோனாரில் தெரிந்த கட்டங்கள் இயற்கை அமைப்பா, படப்பதிவின் பிழையா? கலங்கிய நீரும் வேகமான ஓட்டமும் உள்ள அக்கடலில் முக்குளிப்போர் இறங்கிப் பார்ப்பது மிகக் கடினம். கடினம் என்பது உண்மை. ஆனால் விசாரணை கடினம் என்பதால் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடலாமா?

நம் நெஞ்சுக்கு இன்னும் நெருங்கியது பூம்புகார். கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம், எஸ்.ஆர். ராவ் அவர்களின் முன்முயற்சியால், 1981 முதல் அங்கே ஆய்வு மேற்கொண்டது. கரையை ஒட்டி உறைகிணறுகளும் செங்கற் கட்டுமானங்களும் காணப்பட்டன. அவற்றைப் பற்றி எவரும் ஐயுறவில்லை. 1991இல், கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோ மீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு சோனாரில் தெரிந்தது. முக்குளிப்போர் இறங்கியும் பார்த்தார்கள். சுற்றளவு 85 மீட்டர், உயரம் அதிக அளவாக 2 மீட்டர் என்று அளந்தார்கள். கடல்வாழ் உயிரினங்கள் அதன்மேல் தடித்துப் படிந்திருந்தன. சில இடங்களில் கல்லடுக்குப் போன்ற வரிசைகள் தென்பட்டதாகவும் குறித்தார்கள். அது மனிதர் கட்டியதா, இயற்கைப் பாறையா என்பது இன்றும் முடிவாகாத வழக்கு.

இந்த இடத்தில் சிலர் வேறொரு வழியில் வாதம் செய்கிறார்கள். '23 மீட்டர் ஆழத்தில் உள்ள தரை, பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்து வந்த காலத்தில், பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர்த்தான் வறண்ட நிலமாக இருந்தது. எனவே இக்கட்டடம் பத்தாயிரம் ஆண்டுக்கும் முற்பட்டது' என்கிறார்கள். கடல் மட்டம் உயர்ந்து வந்தது என்ற அளவில் வாதத்தின் முதற்பகுதி சரி. பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது என்பது நிலவியல் ஒப்பிய செய்தி. ஆனால் ஆழத்தைக் கொண்டு தரையின் வயதைத்தான் கூறலாம். அதன்மேல் உள்ளது கட்டடம் என்பதை முதலில் மெய்ப்பித்தாக வேண்டுமே! மெய்ப்பிக்க வேண்டியதை மெய்ப்பித்ததாக வைத்துக்கொண்டு வயது சொல்வது, தேற்றத்தின் முடிவையே எடுகோளாக எழுதும் மாணவனின் விடைத்தாள் போன்றது.

பூம்புகாரின் பெருமைக்கு இந்தப் பத்தாயிரம் ஆண்டு தேவையே இல்லை. 1960களில் கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கற் படகுத்துறையும், பல்லவனீச்சுரத்துப் பௌத்த விகாரமும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்றுகள். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கடல் வாணிகம் செய்த ஊர் என்பதற்கு அவை போதும். தொட்டுப் பார்க்கக் கூடியதை விட்டுவிட்டுத் தொட முடியாததன் பின்னே ஓடுவானேன்?

2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை பூம்புகார்க் கடலில் மீண்டும் ஆய்வைத் தொடங்கியது. 1991இல் இல்லாத கருவிகள் இன்று உண்டு. ஆகவே பழைய வழக்கு முடிவுக்கு வர நல்ல வாய்ப்பு அமைந்திருக்கிறது. நம் ஆர்வம் அந்த ஆய்வுக்குத் துணை நிற்க வேண்டும். முடிவை அவசரப்படுத்தக் கூடாது.

நம்மைக் கேட்பவர்கள்

'இதெல்லாம் அறிஞர்களுக்குள் நடக்கும் வழக்கு. மாணவர்களாகிய நமக்கு என்ன?' என்று நண்பர்கள் எண்ணலாம். நமக்குத்தான் இதில் பெரும் பொறுப்பு இருக்கிறது என்பேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பெரியப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சென்ற விடுமுறையில் அவர் கேட்டார்: "ஏம்பா, நீதான் காலேஜுல படிக்கிறியே. கடலுக்கு அடியில கோட்டை மதிலு தெரியுதுன்னு போன்ல காட்டுறாங்களே, நெசமா?"

"ஏதோ ஒண்ணு கெடக்குறது நெசம், பெரியப்பா. மதிலா, பாரான்னு ஆளு எறங்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன். கடலடிப் பாறைத் திட்டை எங்கள் பக்கத்தில் பார் என்றே சொல்வோம்.

அவர் சிரித்தார். "அதான பாத்தேன். எக்கோவுல தெரியிறதெல்லாம் மீனாவா இருக்கும்?" என்றார்.

படகில் எதிரொலிக் கருவி வைத்திருப்பவருக்கு, அதில் தெரியும் கறுப்புத் திட்டு மீன் கூட்டமாகவும் இருக்கலாம், வலையைக் கிழிக்கும் பாராகவும் இருக்கலாம் என்பது அனுபவம். ஐயம் வந்தால் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் வலை விடுவார். பிழையாகப் படித்தால் அவருக்கு நட்டம் கைமேல் தெரியும். நமக்கு அப்படித் தெரிவதில்லை. நாம் சொல்வதை வீட்டிலும் தெருவிலும் புத்தகத்தில் உள்ளதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 'படித்த பிள்ளை சொன்னான்' என்று அது ஊர் முழுதும் பரவும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நம் போன்றோர் வாயில் 'இருக்கலாம்' என்பது 'இருக்கிறது' என்று மாறினால், அதைத் திருத்த அங்கே வேறு ஆள் இல்லை.

இந்த ஒழுக்கத்தைக் கற்க நாம் கடலுக்குப் போக வேண்டியதில்லை. மீயொலி இடையீட்டுமானியை வைத்து, நீர்மத்தில் ஒலியின் திசைவேகம் காணும் சோதனை நாம் அறிந்ததே. மைக்ரோ மீட்டர் திருகை மெல்லச் சுழற்றி, மின்னோட்டம் பெருமமாகும் இடங்களைக் குறிக்கிறோம். 2 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நீருக்கு இரு பெருமங்களின் இடைவெளி ஒரு மில்லி மீட்டரில் பாதிகூட இல்லை. அளவீடு சற்றே தவறினாலும் விடை மாறும். அப்போது நம்மில் சிலர் என்ன செய்கிறார்கள்? புத்தகத்தில் உள்ள விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற அளவீடுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் நிரப்புகிறார்கள்! கடலடியில் நகரத்தைக் காண விரும்பி நகரத்தைக் காண்பவருக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? உப்பைக் கரைத்தால் திசைவேகம் கூடுகிறதா என்று அதே சோதனையை நீட்டித்துப் பார்த்து, வந்த விடையை வந்தபடியே எழுதுபவனே நாளைக்குச் சோனார்ப் படத்தையும் உள்ளபடி படிப்பான்.

நாம் கேட்க வேண்டியவை

'இப்படி ஒவ்வொன்றுக்கும் தயங்கினால் மக்களின் ஆர்வம் வற்றிவிடாதா? அறிவிப்பு இல்லாவிட்டால் ஆய்வுக்குப் பணம் வருமா?' என்ற கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. ஆழ்கடல் ஆய்வுக்குச் செலவு மிகுதி. ஆனால் ஒருமுறை நகரம் என்று அறிவித்து, அது பாறை என்று முடிந்தால், அடுத்து உண்மையான நகரமே கிடைத்தாலும் உலகம் நம்பாது. இன்னொரு சாராரையும் இங்கே குறிப்பிட வேண்டும். கடலடி ஆய்வு என்றாலே கட்டுக்கதை என்று சிரித்து ஒதுக்குவோர் அவர்கள். இறங்கிப் பார்க்காமல் 'ஆம்' என்பது எவ்வளவு பிழையோ, இறங்கிப் பார்க்காமல் 'இல்லை' என்பதும் அவ்வளவு பிழை.

ஆகவே கடலடிக் கண்டுபிடிப்பு பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நாம் சில கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். அதே பொருளை வேறு திசையிலிருந்தும் வேறு அதிர்வெண்ணிலும் பார்த்தார்களா? திசை மாறும்போது நிழலும் மாறியதா? மெருகேற்றிய படத்தோடு மூலப் பதிவையும் பிறர் ஆராய வெளியிட்டார்களா? அவ்விடத்தில் வலை வீசும் மீனவர்களைக் கேட்டார்களா? முக்குளிப்போர் இறங்கினார்களா? வயது சொன்ன பொருள் கலையாத மண்ணடுக்கிலிருந்து எடுத்ததா? இவற்றுக்கு விடை வரும் வரை அதனை 'ஓர் உருவம்' என்றே அழைப்போம். கோயில், கோட்டை, நகரம் என்னும் பெயர்கள் பிறகு வரட்டும்.

நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரலாற்றுத் துறையும் இயற்பியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் இரு துறை மாணவர்களும் ஒரே மேசையில் அமர்ந்ததில்லை. கடலடித் தொல்லியல் அவ்விருவரையும் ஒருசேர அழைக்கும் துறை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரு துறையும் இணைந்து ஒரு கருத்தரங்கு நடத்தினால், எதிரொலியைப் படிக்கத் தெரிந்தவனுக்கு மண்ணடுக்கின் அருமையும், மண்ணடுக்கைப் படிக்கத் தெரிந்தவனுக்கு எதிரொலியின் எல்லையும் விளங்கும்.

பூம்புகாரின் 23 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பி வர நூறில் மூன்று பங்கு நொடி போதும். அது என்ன சொல்கிறது என்று தெளிய முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முடியவில்லை. இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருப்பதால் நமக்குக் குறைவொன்றும் வந்துவிடாது. விசாரித்து வந்த மெய் எதுவாயினும், அது கட்டடமாயினும் பாறையாயினும், அதைத் தலைநிமிர்ந்து ஏற்போம்.